கிரைண்டரை வைத்துக்கொண்டோம், ஃப்ரிட்ஜை அனுப்பிவிட்டோம்

2023 கோடையில் எங்கள் வீட்டில் இரண்டு பொருட்கள் அடுத்தடுத்துப் படுத்துவிட்டன. ஒன்று, என் மாமியார் 1993-ல் வாங்கிய ஐந்து லிட்டர் டில்டிங் கிரைண்டர். இன்னொன்று, எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் 2004-ல் வாங்கிய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மூத்ததான கிரைண்டரைச் சரிசெய்து வைத்துக்கொண்டோம். அதைவிடப் பதினோரு வருஷம் இளைய ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினோம். “ரொம்பப் பழசை வெச்சுக்கிட்டு, ஓரளவு புதுசைக் கொடுத்துட்டீங்களே அக்கா, கணக்கு உதைக்குதே” என்றாள் என் தங்கை. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த மாதிரி முடிவுக்கு வயதைப் பார்ப்பது பயன்படாது என்பது என் எண்ணம். எது தேய்ந்திருக்கிறது, அதைத் திறந்து பார்க்கிற ஆள் பக்கத்தில் இருக்கிறாரா, அந்தப் பொருள் ஓடுவதற்கு மாதாமாதம் என்ன செலவு வைக்கிறது, இந்த மூன்றும்தான் கேள்வி.

முதலில் கிரைண்டர்.

நாங்கள் இருப்பது கோயம்புத்தூர். மாவாட்டும் யந்திரம் பிறந்த ஊர் இது. 1955-ல் பி. சபாபதி என்பவர் இங்கேதான் முதல் கிரைண்டரைச் செய்தார் என்று சொல்வார்கள். 2005-06-ல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் கிரைண்டர் ஆள் இடுப்பு உயரம் நிற்கும். ஒற்றைக் குழவி. கீழே அரை எச்.பி. மோட்டார், பெல்ட், புல்லி. ஆட்டி முடித்ததும் டிரம்மைச் சாய்த்து மாவை வழித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கும், அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கும், தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து அதில்தான் மாவு ஆட்டுவோம்.

அந்த ஏப்ரலில் சுவிட்சைப் போட்டால் உறுமல் சத்தம் மட்டும் வர ஆரம்பித்தது, டிரம் சுற்றவில்லை. கையால் ஒரு தள்ளு தள்ளினால் பிடித்துக்கொள்ளும். இந்த ஊரில் வளர்ந்தவர்கள் பாதிப் பேருக்கு இது மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் போன அறிகுறி என்று தெரியும். எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிக் கொடுத்தார், ஓடியது. சில வாரம் கழித்து, உளுந்து பாதி ஆட்டும்போது வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தது. மோட்டார் அப்படியே நின்றுவிட்டது. மீதி உளுந்தை மிக்சியில் போட்டு எடுத்தோம். அந்த வார இட்லியைப் பற்றி என் பையன் வாயைத் திறக்கவில்லை, ஆனால் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் இல்லை.

அன்று மாலையே வீட்டில் பேச்சு தொடங்கியது. என் வீட்டுக்காரர் சொன்னது நியாயமான பேச்சுதான். “முப்பது வருஷம் உழைச்சாச்சு. நாலு பேருக்கு இவ்வளவு பெரிய கிரைண்டர் எதுக்கு? ரெண்டு லிட்டர் டேபிள் டாப் ஒண்ணு வாங்கி மேடை மேல வெச்சா வேலை முடிஞ்சது. அந்த மூலையும் காலியாகும்.” எனக்கும் பாதி மனது அந்தப் பக்கம்தான் இருந்தது.

அத்தை, அதாவது என் மாமியார், சொன்னது ஒரே வாக்கியம்: “ஏன் அம்மிணி, கல்லு நல்லாத்தானே இருக்குது? மோட்டாருதானே போச்சு?”

யோசிக்க யோசிக்க இதில் எவ்வளவு சரியான கணக்கு இருக்கிறது என்று புரிந்தது. கிரைண்டரில் மாவை ஆட்டுவது கல். மற்றதெல்லாம் அந்தக் கல்லைச் சுற்றவைக்கத்தான். கல்லில் விரிசல் இல்லை, டிரம்மின் அடிக்கல் ஆடவில்லை, சட்டம் துருப்பிடிக்கவில்லை. போனது மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில். அதைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடியும். அதைக் கட்டுகிற ஆட்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊர். சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டாரும் போர்வெல் மோட்டாரும் கருகிக்கொண்டே இருக்கும், காயில் கட்டுகிறவர்களுக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கும். இதே கிரைண்டர் வேறொரு மாநிலத்தில், மோட்டார் கட்டும் ஆள் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்திருந்தால் நானே வேறு முடிவு எடுத்திருப்பேன்.

மோட்டாரை மட்டும் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இங்கே கணபதி என்ற பகுதியில் ஒரு பட்டறைக்குப் போனோம். நாத்தனார் வீட்டு போர்வெல் மோட்டாரை வழக்கமாகக் கட்டிக்கொடுப்பவருடைய பட்டறை அது, அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கடை என்று சொல்ல முடியாது, முன்பக்கம் தகரம் இறக்கிய ஒரு நீள அறை. சுவரோரம் 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கொடுத்த கிரைண்டர்கள் நான்கைந்து வரிசையாக இருந்தன. விலையில்லாமல் வந்த பொருளையும் மக்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை, பணம் கொடுத்துச் சரிசெய்து ஓட்டுகிறார்கள்.

அண்ணன் சோதனைக்கு வைத்திருக்கும் சீரிஸ் பல்பை வைத்துத் தொட்டுப் பார்த்தார். “காயில் சுத்தமா போச்சுங்க. ஆனா காயில் தானாப் போகலைங்க, பேரிங்தான் கொன்னுருக்குது” என்றார். தண்டைப் பிடித்து என்னையே சுற்றிப் பார்க்கச் சொன்னார். கரகரவென்று நின்று நின்று சுற்றியது. கிரீஸ் காய்ந்து பேரிங் இறுகிவிட்டால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடேறும், கம்பியின் மேல் இருக்கும் எனாமல் பூச்சு கருகும், சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும். கண்டென்சர் பலவீனமான பிறகு கையால் தள்ளித் தள்ளி ஓட்டுவதும் அதே சூட்டைத்தான் கிளப்பும். முதல் முறை வந்த எலக்ட்ரீஷியன் கண்டென்சரோடு பேரிங்கையும் பார்த்திருந்தால் நூற்றுச் சொச்ச ரூபாயோடும் இரண்டு பேரிங்கோடும் முடிந்திருக்கும். இந்த விஷயத்தை எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன்: கிரைண்டரோ வாஷிங் மெஷினோ, ஏதாவது ஒரு பாகம் போனால் “ஏன் போச்சு?” என்று கேளுங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் பாகத்தை மட்டும் மாற்றினால் அது மறுபடியும் போகும். அப்போது “இந்த மெஷினே சரியில்லை” என்று பழியைப் பொருள் மேல் போட்டுவிட்டுப் புதிது வாங்கக் கிளம்புவோம்.

காயில் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பெரிய அனுபவம். முதலில் கருகிய காயிலை அறுப்பதற்கு முன்னால் எந்தக் காடியில் (கம்பி உட்காரும் பள்ளத்தில்) எத்தனை சுற்று, எந்தத் தடிமன் கம்பி என்று எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். ரன்னிங் காயில் தனி, ஸ்டார்ட்டிங் காயில் தனி. சுற்று குறைந்தாலும், மெல்லிய கம்பியைப் போட்டாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும், ஆனால் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். பிறகு மர அச்சில் புதுக் கம்பியைச் சுற்றி எடுத்து, காடிக்குள் இன்சுலேஷன் தாள் வைத்து, கம்பியைக் கையால் நிரவி இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கிறார். இதில் எதையும் வேகமாகச் செய்ய முடியாது. வார்னிஷ் சரியாகக் காயாமல் மூடிக் கொடுத்தால் ஈரம் ஏறிவிடும். அதனால் “நாளைக்கே வேணும்” என்று அவசரப்படுத்த வேண்டாம்.

இங்கே கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி உண்டு: காப்பரா, அலுமினியமா? சில இடங்களில் கூலியைக் குறைத்துச் சொல்லிவிட்டு அலுமினியக் கம்பியைப் போட்டு விடுவார்கள். அதே தடிமனில் அலுமினியம் செம்பைவிட மோசமாகத்தான் கரண்டைக் கடத்தும், சூடும் அதிகம். காப்பர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கருகிய பழைய செம்புக்கும் விலை உண்டு. அதை எடையில் கழித்துக்கொள்கிறாரா என்றும் கேட்கலாம், எங்கள் அண்ணன் கேட்காமலே கழித்தார்.

அப்புறம் கல். குழவியும் அடிக்கல்லும் வழுவழுப்பாகிவிட்டால் மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாவு நைய நேரமாகும், சூடாகும். கல் கிரைண்டரின் பெருமையே மெதுவாகச் சுற்றுவதுதான். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றினாலும் புல்லியும் பெல்ட்டும் அதை டிரம்முக்குப் போகும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துவிடுகின்றன. அதனால்தான் உளுந்து சூடாகாமல் காற்றை இழுத்துக்கொண்டு பொங்கிப் பந்தாக வருகிறது. என் சின்ன வயதில் “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது அந்தக் குரல் இல்லை, ஆனால் ஆள் இருக்கிறார். பட்டறை அண்ணனே ஒருவரை அனுப்பினார். உளியும் சுத்தியுமாக வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிதானமாகக் கொத்திக் கொடுத்துவிட்டுப் போனார். கொத்திய பிறகு அப்படியே மாவாட்டக் கூடாது. நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, பழைய அரிசியைப் போட்டு ஆட்டிக் கொட்ட வேண்டும். அத்தை இரண்டு முறை ஆட்டிக் கொட்டச் சொன்னார். இரண்டாவது முறையும் விரலில் நெருடுகிறதா என்று தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உளுந்தை ஊறப்போட விட்டார்.

செலவு: காயில் 1,900 ரூபாய், பேரிங் இரண்டு 400, கண்டென்சர் 120, பெல்ட் 250, கல் கொத்த 300, புது ஒயரும் மூன்று முள் பிளக்கும் 230. ஆட்டோ தவிர்த்து 3,200.

இதைக் கேட்டதும் என் தங்கை, “புதுசு வாங்குற விலையில பாதிக்கு மேல ரிப்பேருக்கு ஆச்சுன்னா புதுசே வாங்கணும்னு சொல்லுவாங்களே” என்றாள். அந்தச் சமயத்தில் ஒரு நல்ல இரண்டு லிட்டர் டேபிள் டாப் ஆறாயிரத்தை ஒட்டி இருந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நாங்கள் புதிதுதான் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? ஐந்து லிட்டர் கிரைண்டருக்கு இன்னொரு ஐந்து லிட்டர் கிரைண்டர்தான் ஈடு, அதன் விலை பதினைந்தாயிரத்துக்கு மேல். போதாக்குறைக்கு 2022 ஜூலையில் வெட் கிரைண்டருக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தியிருந்தார்கள். எந்த வீட்டிலும் ஆடம்பரத்துக்காக வாங்காத ஒரு பொருளுக்கு அவ்வளவு வரி ஏன் என்ற வருத்தம் எனக்கு அப்போதே உண்டு. சின்ன கிரைண்டர் போதும் என்றால் அதோடு ஒப்பிடலாம். மூன்று வீட்டுக்கு ஆட்டுகிற எங்களுக்கு அது போதாது, இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கும்.

கரண்ட் செலவையும் பார்த்தேன். அரை எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு அரை யூனிட் சொச்சம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டை ஒட்டித்தான் வரும். புது டேபிள் டாப்பின் மோட்டார் இதைவிடச் சின்னது, கரண்ட் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் வாரத்துக்கு ஒரு யூனிட் எடுக்கும் பொருளில் எவ்வளவு மிச்சம் பிடித்துவிட முடியும்?

அதற்காக டேபிள் டாப்பைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சின்னக் குடும்பத்துக்கும், தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும் அதுதான் சரி. ஆனால் வாங்குவதற்கு முன் கடையில் ஒரு விஷயம் கேளுங்கள்: மோட்டார் போனால் காயில் கட்ட முடியுமா, இல்லை மோட்டாரையே மொத்தமாக மாற்ற வேண்டுமா? உருளைக் கல் சுழல்வதற்காக அதன் நடுவில் இருக்கும் சின்னக் குழாயான புஷ்ஷும் டிரம் அடியில் இருக்கும் சீலும் தனியாகக் கிடைக்குமா? டேபிள் டாப்பில் கொஞ்ச வருஷம் போனதும் மாவில் லேசாகக் கறுப்பு தெரியும், அது பெரும்பாலும் இந்த புஷ் தேய்வதுதான். சில ரூபாய்ப் பாகம் கிடைக்காமல் முழு கிரைண்டரையும் ஓரங்கட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கி, கம்பெனிகள் தங்கள் பொருட்களின் சர்வீஸ், உதிரிபாக விவரங்களை அதில் போடுவதற்கு வழி செய்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்பதை அதற்காக விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய பொருளை வைத்துக்கொள்வது நல்லது என்று பேசுகிறவர் ஒருவர், அதைத் தூக்கிக் கழுவித் துடைப்பவர் இன்னொருவர் என்றால் அந்தப் பேச்சு செல்லாது. எங்கள் வீட்டில் குழவியைத் தூக்குவது யார் என்பதை முதலில் முடிவு செய்தோம். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, எனக்குத் தோள் வலி உண்டு. கல்லூரிக்குப் போகும் என் பையன்தான் தூக்குவான், அவன் ஊரில் இல்லாத வாரம் அவன் அப்பா. இதற்கு இரண்டு பேரும் சரி என்று சொன்ன பிறகுதான் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றினேன். யாரும் தூக்க மாட்டோம் என்றிருந்தால் கல் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் விற்றிருப்பேன்.

உடம்பில் ஷாக் அடிக்கிற கிரைண்டராக இருந்திருந்தாலும் கதை வேறு. ஈரக் கையோடு தொடுகிற பொருள் இது. லேசாகச் சுரீர் என்றாலும் ஓட்டக் கூடாது. எங்கள் கிரைண்டரில் பழைய இரண்டு முள் பிளக்தான் இருந்தது, எர்த் இணைப்பே இல்லை. காயில் கட்டும்போதே மூன்று முள் பிளக் போட்டு, சமையலறைப் பாயிண்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று சோதித்து, மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டினோம். அது கிரைண்டர் செலவில் சேராது, வீட்டுக்கே வேண்டியது. இத்தனை நாள் அது இல்லாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். அங்கே கணக்கு நேர் எதிர்.

கிரைண்டர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓடும். ஃப்ரிட்ஜ் இரவு பகலாகப் பிளக்கில் இருக்கிற பொருள். வாங்கும் விலையைவிட, அது நம் வீட்டில் இருக்கும் காலம் முழுக்கக் குடிக்கும் கரண்ட்தான் பெரிய செலவு. எங்கள் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் பிடிக்க ஆரம்பித்தது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவர் வந்து 2,200 ரூபாய்க்கு கேஸ் நிரப்பினார். அடுத்த மாதங்களிலேயே பழையபடி ஆகிவிட்டது. இரண்டாவதாக வந்தவர் அழுத்தம் வைத்துப் பார்த்துவிட்டு, “லீக் பாடிக்குள்ள, ஃபோமுக்கு நடுவுல இருக்குதுங்க. வெட்டித்தான் பார்க்கணும். இல்லீன்னா வெளியில புது கூலிங் காயில் போட்டுத் தரலாம், ஆனா கூலிங் முன்ன மாதிரி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேனுங்க” என்று நேர்மையாகச் சொன்னார். ஃப்ரிட்ஜில் கேஸ் என்பது தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது, லீக் இல்லாமல் குறையாது. லீக் எங்கே என்று கண்டுபிடிக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

அதே வாரம் என் வீட்டுக்காரரின் குலதெய்வக் கோயில் திருவிழாவுக்காகக் காங்கேயம் பக்கம் இரண்டு நாள் போனோம். புறப்படும்போது ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரை போனில் படம் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஐந்து யூனிட் ஏறியிருந்தது. யாரும் கதவைத் திறக்காத வீட்டில், ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட்! லீக்கைச் சரிசெய்து கதவு ரப்பரையும் மாற்றினால் எவ்வளவுக்கு இறங்கும் என்று இரண்டாவது மெக்கானிக்கிடம் கேட்டேன். இவ்வளவு பழைய கம்ப்ரசரில் ஒன்றரைக்குக் கீழே எதிர்பார்க்க வேண்டாம் என்றார். கதவு ரப்பரைப் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி நானே பார்த்தேன். இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நன்றாக இருக்கிற ரப்பர் நோட்டைப் பிடித்துக்கொள்ளும்.

கரண்ட் சிக்கனத்தைக் காட்ட ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் ஒட்டும் அந்த நட்சத்திர லேபிளே 2006-ல்தான் வந்தது, 2004-ல் வாங்கிய எங்கள் ஃப்ரிட்ஜில் அது கிடையாது. இப்போதைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களின் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதியே இருக்கிறது. நாங்கள் பார்த்த மூன்று நட்சத்திர மாடல் 170 யூனிட்டை ஒட்டி இருந்தது. கோவை வெயிலையும் எங்கள் கதவு திறக்கும் பழக்கத்தையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 35 என்று வைத்தேன். பழசைச் சரிசெய்தால் இரண்டு மாதத்துக்கு 90. வித்தியாசம் 55 யூனிட்.

இந்த 55 யூனிட் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் விஷயம். 2023-ல் இருந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் எரித்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய், அடுத்த இருநூறு 4.50, அதற்கடுத்த நூறு 6 ரூபாய். மொத்தம் 1,725. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்து 400 வரைக்கும் 4.50 கட்ட வேண்டும், 500-க்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய். அதாவது 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடுதலாக எரித்ததற்கு 233 ரூபாய்! எங்கள் பில் வழக்கமாக 510, 520 என்று அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேதான் நின்றுகொண்டிருந்தது. 520-க்கு 2,110 ரூபாய். அதில் 55 குறைந்து 465 ஆனால் 1,515 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 595 ரூபாய், வருஷத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல். எல்லா வீட்டிலும் இவ்வளவு வராது. 300 யூனிட் எரிக்கும் வீட்டில் இதில் பாதிகூட மிச்சமாகாது, அங்கே சரிசெய்வதே நல்லதாக இருக்கலாம். உங்கள் இ.பி. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைப் போடுங்கள்.

லேபிள் பார்க்கும்போது இன்னொன்று: நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் அது எந்த ஆண்டுக்கு உரியது என்றும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள், முந்தைய அளவுகோலின் ஐந்து நட்சத்திரம் புதிய அளவுகோலில் குறைந்துவிடும். ஆண்டு யூனிட் எண்தான் நேரடியாக ஒப்பிட உதவும்.

கேஸ் விஷயத்திலும் புதியதற்கே என் ஓட்டு. எங்கள் பழையதில் இருந்தது ஆர்-134ஏ. காற்றில் கசிந்தால் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது அது. இப்போது வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பரவலாக வரும் ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், அந்தக் கேடு மிகமிகக் குறைவு. ஆனால் தீப்பிடிக்கும் வாயு. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் அளவு சில பத்து கிராம்தான் என்பதால் சாதாரணப் பயன்பாட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. பழுது வந்தால் மட்டும் இந்த கேஸில் பயிற்சி பெற்ற ஆளைத்தான் கூப்பிட வேண்டும். கேஸை முழுக்க வெளியேற்றாமல் குழாயில் நெருப்பை வைத்துப் பற்றவைக்கிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பழைய ஃப்ரிட்ஜை என்ன செய்வது என்பதில் எனக்குக் கவலை இருந்தது. பழைய இரும்பு எடுப்பவர் கடையின் எக்ஸ்சேஞ்ச் விலையைவிட முந்நூறு ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். அவர் குழாயை வெட்டி மீதி கேஸைத் தெருவிலேயே விட்டுவிடுவார், கம்ப்ரசரும் செம்பும்தான் அவருக்கு வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பழைய ஃப்ரிட்ஜுகள் முறையாக மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளர்கள்தான் பொறுப்பு. அதனால் எக்ஸ்சேஞ்ச் எடுக்கும் கடையிலேயே புதியதை வாங்கினோம். எடுத்துக்கொண்டதற்கு ரசீதும் எழுதி வாங்கினேன். இப்படி எல்லாரும் கேட்க ஆரம்பித்தால்தான் கடைக்காரர்களும் அதை ஒழுங்காகச் செய்வார்கள்.

இப்போதைய நிலவரம்: பில் பெரும்பாலும் 500-க்குள் நிற்கிறது, மே, ஜூன் தவிர. கிரைண்டர் அதே மூலையில் ஓடுகிறது. பெல்ட்டைச் சற்று இறுக்கியதைத் தவிர ஒரு செலவும் வைக்கவில்லை, பேரிங்கை மட்டும் வருஷம் ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன். பட்டறை அண்ணன் இப்போது புது ஆட்களுக்கு வேலை பழக்க முடியவில்லை என்கிறார், வருகிற பையன்கள் நான்கு மாதத்தில் ஏ.சி. வேலைக்குப் போய்விடுகிறார்களாம். காயில் கட்டக் கூலி ஏறியிருக்கிறது. ஏறட்டும், அவ்வளவு நுணுக்கமான கைவேலைக்கு அது இன்னும் குறைவுதான். பழைய பொருளை வைத்திருக்கிறவர்கள் இந்தக் கூலியில் பேரம் பேசாமல் இருந்தால் நல்லது, அவர் கடையை மூடிவிட்டால் என் கிரைண்டரின் கணக்கும் மாறிவிடும்.

போன வாரம் மிக்சியில் நெருப்புப் பொறி தெரிந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, ஜோடி நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. சனிக்கிழமை கணபதிப் பக்கம் போகும்போது எடுத்துக்கொண்டு போகிறேன்.